பழைய கணினிக்கு ஒரு முன்மண்டபம்

கிலோ கணக்கில்தான் விலை சொன்னார்கள். திருச்சியில் ஒரு காயலான் கடை. உடைந்த மிக்ஸிகள், பேட்டரி செத்த யூ.பி.எஸ். பெட்டிகள், கீறல் விழுந்த டிவிகள், இவற்றுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் பத்துச் சாவிகள் ஒரே வரிசையில் தெரிந்தன. "டைப்ரைட்டர் மாதிரி ஏதோ சார், எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். தராசில் ஏறக்குறைய நான்கு கிலோ காட்டியது. அது டைப்ரைட்டர் இல்லை, பிபிசி மைக்ரோ. 1986இல் நான் படித்த பள்ளியில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஓர் அறையில், ஆறு பேருக்கு ஒன்றாகப் பங்கிட்டுத் தொட்ட முதல் கணினி.

புதுக்கோட்டை வரை பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அங்கிருந்து குடுமியான்மலைக்கு இன்னும் 20 கிலோமீட்டர். அதையும் மடியிலேயே. இன்று அது ஓடுகிறது. பழைய பாகங்களால் மட்டும் ஓடவில்லை. மின் பெட்டிக்குள் புதிய கெப்பாசிட்டர்கள், பிளாப்பி டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பென் டிரைவ், அடிவயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு புதுக் கணினி. ஆனால் 1980களின் அந்தப் போர்டில் ஒரு தடம்கூட வெட்டப்படவில்லை. பழைய கணினிகளில் புதுப் பாகங்களைச் சேர்ப்பது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால், வேகம் கூட்டுவது இல்லை. எதையும் அழிக்காமல் சேர்ப்பதற்கு வேண்டிய அறிவுதான்.

முதலில் இந்தக் கணினி இந்தியாவுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறு நிறுவனம் பிபிசியின் கணினிக் கல்வித் தொடருக்காக 1981 இறுதியில் வெளியிட்டது இது. செயலியின் பெயர் 6502, வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 கிலோபைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையை யூனிகோடு எழுத்தில் சேமித்தால் அந்த 32 கிலோபைட்டுக்குள் அடங்காது. 1984-85இல் நம் மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து பள்ளிகளுக்கான கணினித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. சுருக்கமாக 'கிளாஸ்' என்பார்கள். முதல் கட்டமாக நாடெங்கும் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பிரிட்டிஷ் உதவியோடு பிபிசி மைக்ரோக்களை இறக்கினார்கள். பின்னர் சண்டிகரை அடுத்த மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதே கணினியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. 1989 பிப்ரவரியில் அங்கே பெரும் தீ விபத்து நேர்ந்து சில்லுத் தயாரிப்புப் பகுதி எரிந்து போனது. இந்திய மின்னணு வரலாற்றில் ஆறாத காயம் அது. பின்னாளில் மீண்டெழுந்த அதே நிறுவனம்தான் இன்று நம் விண்வெளித் துறைக்குச் சில்லுகள் செய்து தருகிறது.

பள்ளிகளுக்கு வந்த கணினிகள் வயதாகி, பூட்டிய அறைகளிலிருந்து ஏலத்துக்கும், ஏலத்திலிருந்து எடைக்கும் போயின. ஒரு தலைமுறை கணினி என்ற சொல்லையே அவற்றின் முன்னால் உட்கார்ந்துதான் கற்றது. அவற்றில் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் செருகத்தான் கை போனது. எங்கள் பக்கத்தில் நாற்பது வருடமாக ரேடியோவும் டிவியும் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் தடுத்தார். "தம்பி, உள்ள பார்க்காம கரண்ட் குடுக்காதீங்க. இத்தனை வருசம் தூங்குனது, திடுக்குனு எழுப்பக் கூடாது." மின் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். தேன் நிறத்தில், தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கெப்பாசிட்டர். அதன் உறை முழுக்க, வறண்ட கண்மாய்த் தரைபோல மெல்லிய வெடிப்புகள்.

அந்தக் காலத்து மின் பெட்டிகளில், எந்த நாட்டில் செய்ததானாலும், இந்த வகைக் கெப்பாசிட்டர் பரவலாக இருக்கும். வீட்டு மின்சாரத்தின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே உட்கார்ந்து, கணினி எழுப்பும் மின் இரைச்சல் வெளியே போகாமல் வடிகட்டுவது அதன் வேலை. உள்ளே உலோகப் பூச்சுள்ள காகிதம், வெளியே எப்பாக்ஸி உறை. முப்பது வருட வெயிலிலும் குளிரிலும் உறை விரிந்து சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பு வழியே ஈரம் இறங்குகிறது. ஈரக் காகிதம் மின்சாரத்தைத் தடுக்காமல் கசிய விடும். கசிந்தால் சூடு, சூட்டில் ஆவி, ஆவியின் அழுத்தத்தில் ஒரு வெடிச் சத்தம், பிறகு அறை முழுக்க மீன் கருகிய நாற்றத்தோடு வெண்புகை. அண்ணன் தடுத்திராவிட்டால் அன்று என் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும்.

மாற்றாக வைத்தது பாலிபுரோப்பிலீன் படலம் கொண்ட கெப்பாசிட்டர். பிளாஸ்டிக் படலம் ஈரத்தை உறிஞ்சாது. எங்காவது ஒரு புள்ளியில் பழுது வந்தாலும் அந்த இடத்து உலோகப் பூச்சு மட்டும் ஆவியாகி விலகிக்கொள்ளும், மற்றப் பகுதி வேலை செய்யும். விலை இரண்டு டீ காசுதான். ஆனால் இந்த வேலையைத் தனியாக யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர் மின்னோட்டமாக மாறும்போது உச்சத்தில் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர் அதைத் தேக்கி வைத்திருக்கும். அதை வடித்து, மல்டிமீட்டரில் சுழியம் பார்த்த பிறகே அண்ணன் விரல் வைத்தார்.

சால்டரிங் அயர்னை முதன்முதலாக எடுப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான பாடம் ஒன்று உண்டு. 1990களின் 386, 486 கணினிகளின் மதர்போர்டுகளில் நேரம் காப்பதற்காகச் சிறு நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அது வயதானால் ஒழுகும். ஒழுகுவது காரம். செம்புத் தடங்கள் வழியே ஊர்ந்து போய், போகிற வழியெல்லாம் பச்சைக் களிம்பு பூக்க வைக்கும். நம் வீட்டுக் குத்துவிளக்கில் பூக்கும் பச்சைக்கு உறவினர்தான் இந்தப் பச்சையும். விளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். புளியின் அமிலம் செம்பின் மேல் படிந்த உப்பைக் கரைக்கிறது. போர்டுக்கும் அதே மருந்துதான், ஆனால் புளியில் சர்க்கரைப் பிசுக்கு இருப்பதால் வினிகர். பல் துலக்கும் பிரஷில் வினிகரைத் தொட்டுத் தேய்த்தால் காரம் அடங்கி மெல்ல நுரைக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பேட்டரி இருந்த இடத்தில் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற காசு பேட்டரிக்கு ஒரு தாங்கி வைத்து, நடுவே ஒரு டையோடு சேர்க்க வேண்டும். பழைய பேட்டரி சார்ஜ் ஏறும் வகை, காசு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது கெடும். மின்சாரம் வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது என்று அந்த டையோடு காவல் நிற்கும்.

இனி பிளாப்பி. பிபிசி மைக்ரோவின் ஐந்தேகால் அங்குல வட்டில், பக்கம் ஒன்றுக்கு 40 தடங்கள், தடத்துக்கு 10 பகுதிகள், பகுதிக்கு 256 பைட். பெருக்கினால் 100 கிலோபைட். நம் ஊர் ஈரக் காற்றில் பத்து வருடம் கிடந்த பிளாப்பிகளில் பூஞ்சை பிடித்து, காந்தப் பூச்சு பொடியாக உதிர்ந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக வரும் கருவி, எம்பிராய்டரி எந்திரங்களும் இசைக் கீபோர்டுகளும் பிளாப்பி கிடைக்காமல் முடங்கிவிடாதிருக்கச் செய்யப்பட்டது. மூன்றரை அங்குலப் பிளாப்பி டிரைவின் அளவு, அதே 34 முள் இணைப்பு, ஆனால் முகப்பில் பென் டிரைவ் செருகும் துளை. கோடெக் என்று பெயர்.

அதன் திறமை பொறுமையாக ஏமாற்றுவதில் இருக்கிறது. கணினி தலையை நகர்த்தச் சொல்லித் துடிப்புகளை அனுப்புகிறது. நகர்த்தத் தலை ஏதும் இல்லை, ஆனாலும் உள்ளிருக்கும் சில்லு தடத்தை எண்ணிக்கொள்கிறது. வட்டு நொடிக்கு ஐந்து முறை சுழல்கிறது என்று கணினி நம்புகிறது. எனவே 200 மில்லிநொடிக்கு ஒரு முறை, ஒரு சுற்று முடிந்தது என்ற அடையாளத் துடிப்பை அது கொடுக்க வேண்டும். காந்தப் புலம் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின் துடிப்பை, உண்மை வட்டு சுழன்றால் எந்தக் கணத்தில் வருமோ அதே கணத்தில் தர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தரவு பிழையாகும். சுழலாத ஒரு வட்டைக் காலத்தில் சுழற்றிக்கொண்டே இருக்கிறது அந்தச் சில்லு. 32 கிகாபைட் பென் டிரைவில் இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை அடுக்கலாம். தலை நகரும் 'டக் டக்' ஓசைக்காக நான் ஒரு சிறு பஸ்ஸரையும் சேர்த்திருக்கிறேன். வேலைக்கு அது வேண்டியதில்லை. காதுக்கு வேண்டியிருந்தது.

கணினியின் அடிவயிற்றில் நடந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் அழகானது.

பிபிசி மைக்ரோவைக் கவிழ்த்துப் பார்த்தால், 40 முள் கொண்ட ஓர் இணைப்பு தெரியும். பெயர் 'ட்யூப்'. 2 மெகாஹெர்ட்ஸ் செயலி ஒருநாள் போதாமல் போகும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. எனவே அங்கே இன்னொரு செயலியை மாட்டிக்கொள்ள வழி விட்டார்கள். மாட்டியதும் வேலை பிரிகிறது. பழைய செயலி கீபோர்டு, திரை, வட்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். கணக்குப் போடுவது முழுக்கப் புதுச் செயலி. இரண்டும் நினைவகத்தைப் பகிர்வதில்லை. எட்டே எட்டு முகவரிகள் வழியாகச் செய்தி கொடுத்து வாங்கிக்கொள்ளும். ஒன்று எந்த வகைச் செயலி, எவ்வளவு வேகம் என்று மற்றொன்றுக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

இந்த வாசல் வழியே உள்ளே போனவற்றில் ஒன்று உலகையே மாற்றியது. ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் தங்களுக்கென்று ஒரு புதுச் செயலியை வடிவமைத்தார்கள். எளிய கட்டளைகள் மட்டும், சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள் மட்டும். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு கைக்கு வந்தது. அதை ஒரு பிபிசி மைக்ரோவின் ட்யூபில்தான் மாட்டினார்கள். அன்றே ஓடியது. எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தபோது மீட்டர் சுழியம் காட்டியதாம். சோதனைப் பலகையில் சில்லுக்குப் போகும் மின் இணைப்பே கொடுக்கப்படாமல் இருந்திருக்கிறது. பக்கத்துச் சில்லுகளின் சமிக்ஞைக் கம்பிகளில் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செயலிக்கு ஏ.ஆர்.எம். என்று பெயர். 1990இல் அதற்கெனத் தனி நிறுவனம் பிறந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் கைபேசியில் ஓடுவது அதன் வாரிசுதான்.

என் பிபிசி மைக்ரோவின் ட்யூபில் இப்போது இருப்பது ராஸ்பெரி பை ஸீரோ. அதே கேம்பிரிட்ஜில் பிறந்தது, உள்ளே ஏ.ஆர்.எம். செயலி. முதல் ராஸ்பெரி பைகளுக்கு மாடல் ஏ, மாடல் பி என்று பெயர் வைத்ததே பிபிசி மைக்ரோவின் நினைவாகத்தான். 'பை ட்யூப் டைரக்ட்' என்ற திறந்த மென்பொருளை அதில் ஏற்றினால், அந்தக் கால இரண்டாம் செயலிகள் பலவற்றைப் போல அது நடிக்கும். தாத்தா வீட்டுக் கொல்லைக் கதவு வழியே பேரன் நுழைந்து, தாத்தாவின் பேச்சு வழக்கிலேயே பேசுவது மாதிரி.

பேசுவதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று மின்னழுத்தம். பழையது 5 வோல்ட்டில் பேசும், புதியது 3.3 வோல்ட்டில். பழைய சில்லுகளுக்கு 2 வோல்ட்டுக்கு மேல் எது வந்தாலும் 'ஒன்று', 0.8க்குக் கீழே வந்தால் 'சுழியம்'. ஆகவே புதியது சொல்லும் 3.3 பழையதற்குத் தெளிவாகவே கேட்கும். பழையது சொல்லும் 5 வோல்ட்தான் ஆபத்து, அதை நேராக வாங்கினால் புதியது கருகிவிடும். நடுவே சில ரூபாய் பெறும் ஒரு மாற்றுச் சில்லு, வரும் 5 வோல்ட்டை 3.3 ஆகத் தாழ்த்திக் கொடுக்கிறது.

இரண்டாவது சிக்கல் நேரம். இங்கேதான் நான் பல நாள் வியந்து நின்றேன். பை ஸீரோ ஒரு கிகாஹெர்ட்ஸ், பழையதைவிடக் கடிகாரத்தில் 500 மடங்கு வேகம். ஆனாலும் பழையதன் கேள்விக்கு அதனால் எளிதில் பதில் சொல்ல முடியாது. 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 500 நானோநொடி. முகவரியைக் கண்டுகொண்டு தரவை எடுத்து வைக்கக் கிடைப்பது அதில் பாதி. பழையது காத்திராது, அதற்குக் காத்திருக்கத் தெரியாது. புதியதோ, வழக்கமான இயங்குதளத்தில் ஓடினால், நூறு வேலைகளுக்கு நடுவே எப்போதாவதுதான் வாசலை எட்டிப் பார்க்கும். அதனால் பை ட்யூப் டைரக்ட் லினக்ஸ் போன்ற எதையும் ஏற்றுவதில்லை. வெறும் சில்லின் மேல் நேரடியாக ஓடுகிறது. படம் வரைவதற்கென்று உள்ளே இருக்கும் இன்னொரு செயலியை வாசல் காவலுக்கு உட்கார்த்தி வைக்கிறது. அதற்கு வேறு வேலையே கிடையாது. முதியவர் எந்தக் கணம் வாய் திறப்பார் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

மாட்டிய அன்று, பகா எண்களைத் தேடும் ஒரு சிறு நிரலை 'பேசிக்' மொழியில் ஓடவிட்டேன். பள்ளியில் ஓட்டிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்து வந்தது நினைவிருக்கிறது. இப்போது என்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் விடை நின்றது. கேபிளை உருவிவிட்டு மறுபடி ஓட்டினேன். பழைய நிதானம் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது ஓட்டம்தான்.

திரைக்கு நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை. இன்றைய மானிட்டர்கள் நொடிக்கு ஏறக்குறைய 31,000 வரிகளுக்குக் குறைவான படத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிபிசி மைக்ரோ கொடுப்பது 15,625 வரிகள். நடுவே வைக்க மாற்றுக் கருவிகள் உண்டு. ஆனால் 2006 முதல் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி இந்த 15,625 வரிகளுக்கென்றே பிறந்தது. பக்கத்து வீட்டில் பரணில் கிடந்ததைக் கேட்டு வாங்கினேன். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பெட்டிகளை எடைக்குப் போட விடாதீர்கள்.

பெட்டியின் மஞ்சளைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளாஸ்டிக்கில் தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்களோடு வெயிலும் காற்றும் சேர்ந்து வந்த நிறம் அது. ஹைட்ரஜன் பெராக்சைடு களிம்பைத் தடவிச் சித்திரை வெயிலில் வைத்தால் வெளுக்கும். எங்கள் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. நான் செய்யவில்லை. களிம்பு திட்டுத் திட்டாகக் காய்ந்தால் நிறமும் திட்டுத் திட்டாகவே நின்றுவிடும், பழைய மஞ்சளுக்குத் திரும்ப வழியில்லை.

திரும்ப வழி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இத்தனை பிடிவாதம் ஏன் என்று கேட்பவர்களை எங்கள் ஊரான குடுமியான்மலையின் கோயிலுக்குக் கூட்டிப் போவேன். மேலைக்கோயில் என்று நாங்கள் சொல்லும் குடைவரைக்குப் பக்கத்தில், சுமார் 13 அடிக்கு 14 அடி பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் 7ஆம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண்களுக்கு உரிய சுரங்கள், நான்கு நான்காகக் கூட்டம் சேர்த்து, ஏழு பகுதிகளாக. உருத்திராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தது. அது மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள், மறுப்பவர்களும் உண்டு. பின்னால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. குடைவரைக்கு முன்னால் மண்டபம் எழுப்பினார்கள், சிகாநாதருக்குக் கற்றளி, அம்மன் சன்னதி, நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்கள், ஆயிரங்கால் மண்டபம். ஒவ்வொரு காலமும் தன் பங்கைச் சேர்த்தது. பாறையில் இருந்த சுரங்களின் மேல் மட்டும் உளி விழவில்லை.

திருமயத்தில் விழுந்தது. அங்கே சிவன் குடைவரையிலும் இதே போன்ற இசைக் கல்வெட்டு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே இருந்த வழக்கு தீர்ந்தபோது, தீர்ப்பை வெட்ட இடம் வேண்டிப் பழைய எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். தீர்ப்பும் முக்கியமான ஆவணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுரங்கள் போனவை போனவைதான்.

பழைய கணினிக்காரர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. உள்ளே இருப்பதை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் புதுக் கணினியை வைத்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். போர்டு முன்பே உடைந்து கிடந்தால் அதில் தவறும் இல்லை. ஓடக்கூடிய போர்டை அப்படிச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. சாக்கெட் இருக்கும் இடத்தில் செருகலாம், இணைப்பு இருக்கும் இடத்தில் மாட்டலாம். ஈயம் வைத்தே ஆக வேண்டும் என்றால், எடுத்த பழைய பாகத்தை உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். என் மின் பெட்டியில் வெடிப்பு விழுந்திருந்த அந்தத் தேன் நிறக் கெப்பாசிட்டரும் அப்படித்தான் ஓர் உறையில் இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இதுல தமிழ் வருமா?" பிபிசி மைக்ரோவில் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். வி.டி.யு. 23 என்ற கட்டளை கொடுத்து, எழுத்தின் எண்ணையும் எட்டு வரிகளுக்கு எட்டு எண்களையும் தந்தால் நாமே எழுத்து வரையலாம். 'ட' எளிது. இடப்பக்கம் ஒரு கோடு, கீழே ஒரு கோடு. 224, 0, 64, 64, 64, 64, 64, 126, 0. தட்டியதும் இலவச டிவியின் திரையில் 'ட' நின்றது. அவளே கட்டம் போட்ட நோட்டில் 'ப' வரைந்து, எண்களைக் கூட்டி எழுதினாள். 'ழ'வுக்கு எட்டு வரி போதாது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். வழக்கமாக இப்படி 32 எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு, தமிழில் உகர, ஊகார வரிசைகள் மட்டுமே 36 வடிவங்கள். கூடுதல் எழுத்துக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கினால் முன்பெல்லாம் நிரலுக்கு இடம் குறையும். இப்போது நிரல் ட்யூபுக்கு அப்பால் ராஸ்பெரி பையில் ஓடுவதால், இந்தப் பக்கத்து நினைவகம் எழுத்துக்குக் கிடைக்கிறது. இரண்டு நாளில் அவள் பெயர் திரையில் வந்துவிட்டது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது வேறு வேலை. பிபிசி மைக்ரோவில் ஒரே நேரத்தில் மூன்று சுரம் எழுப்பக்கூடிய ஒலிச் சில்லு இருக்கிறது. பேசிக்கின் சவுண்டு கட்டளை அரைச் சுரத்தையும் நான்காகப் பிரித்துத் தரும், ஒரு ஸ்தாயிக்கு 48 படிகள். 53ஐ நடு ஸ்தாயி 'ஸ'வாக வைத்திருக்கிறேன். பாறையில் உள்ள சுரங்களை, நான்கு நான்காகவே, தரவு வரிகளாகத் தட்டிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு சுரமும் அங்கே அ, இ, உ, எ என்ற உயிர்கள் ஏறி நான்கு வகையாக வருகிறது. அந்த நான்கும் சுருதியின் நுண்ணிய வேறுபாடு என்பார் சிலர், யாழின் நரம்பை மீட்டும் முறை என்பார் சிலர். 1,300 வருடமாகக் கல்லில் எழுத்து இருக்கிறது. படித்து வாசிக்கத் தெரிந்த கைதான் இல்லை.

அதனால் நிரலில் அந்த நான்கு உயிர்களுக்கும் எத்தனை படி கூட்டுவது, குறைப்பது என்பதைத் தனியாக ஒரே வரியில் வைத்திருக்கிறேன். 9000ஆம் வரி. நேற்று மாலை 0, 1, 2, 3 என்று போட்டு முதல் பகுதியை ஓடவிட்டேன். கீபோர்டுக்கு அடியில் இருக்கும் சிறு ஸ்பீக்கரிலிருந்து, கொஞ்சம் மூக்கடைத்த குரலில், சுரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மெக்கானிக் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். "அந்த மூணாவது கூட்டம் ஒட்டல தம்பி, இன்னொரு தடவை மாத்திப் போடுங்க" என்றார். 9000ஆம் வரியை அழித்துவிட்டு 0, 2, 4, 6 என்று தட்டினேன்.